சூரியனுக்குப் பின்னால் சீரிஸ்

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
4-8-2025

மதிப்பிற்குரிய வரலட்சுமி அம்மாவுக்கு,

சாஜிதா பேகம் எழுதுகிறேன். உங்கள் மகள் லாஸ்யாவின் மாமியார். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள், கீழே நல்ல சேதி இருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை, கேட்டுவிட்டேன். போனில் சொல்லலாம் என்று நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். தெரியாத எண்ணை நீங்கள் எடுப்பதில்லை போலிருக்கிறது. அதனால்தான் தபால் ஆபீசுக்குப் போய் உறை வாங்கினேன்.

லாஸ்யா உண்டாகியிருக்கிறாள். இது ஐந்தாம் மாதம். மசக்கை அடங்கிவிட்டது. கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு வருகிறாள். சாயங்காலமானால் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், என் மகன் இல்யாஸ் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கிற இடத்தில், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். தூசிக்குள் வராதே என்றால் கேட்பதில்லை. "உங்க மகன் தேய்க்கறது ஒண்ணும் சரியில்லீங்க அத்தை, நான் பார்த்துச் சொன்னாத்தான் ஆகும்" என்கிறாள். கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி கேட்டு வந்தவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதைத் திருப்பிச் சொல்லி உங்கள் எரிச்சலைக் கிளப்பப் போவதில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஐப்பசி பிறப்பதற்குள் ஏழாம் மாதம் ஆகிவிடும். தலைப்பிரசவம். தாய்வீட்டில் கட்டுச்சோறு கட்டி எடுத்துவந்து, பெண்ணுக்கு ஊட்டி, கையோடு அழைத்துப் போவது உங்கள் வழக்கம். எங்கள் பக்கமும் தாய்வீட்டார்தான் வந்து அழைத்துப் போவார்கள். "எங்கம்மா வந்து கூப்பிடாம நான் எங்கியும் போறதில்லீங்க" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எனக்கு இல்யாஸ் பிறந்தபோது என் அம்மா உயிரோடு இல்லை. யார் யாரோ வந்து நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வலி எடுத்தபோது நான் கூப்பிட்டது அந்த இல்லாதவளைத்தான். உங்கள் மகளுக்கு நீங்கள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறீர்கள். வந்துவிடுங்கள்.

அன்புடன்,
சாஜிதா பேகம்


தொண்டாமுத்தூர்
13-8-2025

திருமதி சாஜிதா பேகம் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு.

எனக்கு இருப்பது ஒரே மகள். போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, என்னிடம் அதுகூடச் சொல்லாமல், ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனவள். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொந்தக்காரர்கள் வருகிறார்கள், "ஏனுங்க அக்கா, பாப்பா எப்ப வருதுங்க?" என்று தெரியாதவர்கள் மாதிரி கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். காப்பி கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

போன தைக்கு நான் பொங்கல் வைக்கவில்லை. அப்போதிருந்து காட்டில் ஒன்றும் போடவில்லை. இந்த ஆடிப்பட்டத்துக்கும் வெங்காயம் நடவில்லை. மோட்டார் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். யாருக்காகப் போடுவது? தென்னை மட்டும் அது பாட்டுக்குக் காய்க்கிறது, அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

கட்டுச்சோறு கட்டுகிற மனநிலையில் நான் இல்லை. இனி எழுத வேண்டாம்.

வரலட்சுமி

பி.கு.: காலையில் வெறும் வயிற்றில் அவளுக்குக் காப்பி கொடுக்காதீர்கள், சின்ன வயதிலிருந்தே ஆகாது. இடது பக்கமாகப் படுக்கச் சொல்லுங்கள்.


கோட்டைமேடு
20-8-2025

அன்புள்ள வரலட்சுமி அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். காப்பி விஷயத்துக்கு நன்றி சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று எழுதுகிறேன். அன்றிலிருந்து முதலில் இரண்டு இட்லி, பிறகுதான் காப்பி.

காட்டில் ஒன்றும் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் லாஸ்யாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "எங்கம்மா சீரிஸ் பண்ணுன வேலையையே பண்ணிப்போட்டாங்க அத்தை" என்றாள். யாரம்மா அது என்றேன். சொன்னாள்.

ரோமாபுரியில் அந்தக் காலத்தில் கும்பிட்ட வெள்ளாமைச் சாமியாம் சீரிஸ். விதைப்பது, விளைவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கும் ஒரே மகள். பூப் பறித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போய்விட்டான். அம்மாக்காரி ஊர் ஊராகத் தேடினாள். கிடைக்கவில்லை என்றதும், போங்கடா என்று விளைச்சலையே நிறுத்திவிட்டாள். உலகமே தரிசு. கடைசியில் பெரிய சாமி பஞ்சாயத்துப் பேசி மகளைத் திரும்ப வாங்கிக்கொடுத்தார். அதற்குள் அந்தப் பெண் அங்கே மாதுளை முத்து சிலதைத் தின்றுவிட்டாளாம். அங்கத்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டதால் பாதி வருடம் அம்மா வீடு, பாதி வருடம் புருஷன் வீடு என்று தீர்ப்பு. இந்தக் கதையில் நாங்கள்தான் பாதாளக்காரர்கள் போலிருக்கிறது. எங்கள் கடைப் பின்னறையைப் பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள், பகலிலேயே விளக்குப் போட வேண்டும்.

அந்தச் சாமி பெயரில் வானத்தில் ஒரு குட்டிக் கோளும் இருக்கிறதாம். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பாதிரியார் கண்டுபிடித்திருக்கிறார். முதலில் அதைக் கோள் என்றார்கள். பிறகு இல்லை, வெறும் சிறுகோள் என்று இறக்கினார்கள். இப்போது குறுங்கோள் என்கிறார்கள். இவர்கள் என்ன பெயர் வைத்தாலும் அது பாட்டுக்குச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. லாஸ்யாவை இன்றைக்கு யார் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் உங்கள் மகள்தானே?

இன்னொன்றும் சொன்னாள். கண்டுபிடித்த சில வாரத்திலேயே அதைத் தொலைத்துவிட்டார்களாம். அந்தப் பாதிரியாருக்கு உடம்புக்கு முடியாமல் போய், எழுந்து பார்த்தால் காணோம். போயே போய்விட்டது என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அது எங்கேயும் போகவில்லை, சூரியன் நடுவில் வந்து மறைத்திருக்கிறது. அடுத்த வருடம் பிறப்பதற்குள் திரும்பக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆளைப் பார்க்காமலே இவ்வளவு எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் முகம் மட்டும்தான் எனக்குத் தெரியும், புதுக் கண்ணாடி அவருக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது. ஐயோ, இதை எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடித்தால் இன்னும் சந்தேகம் வரும். இருக்கட்டும்.

அன்புடன்,
சாஜிதா


தொண்டாமுத்தூர்
1-9-2025

சாஜிதா பேகம் அவர்களுக்கு,

உரக்கடைக்குப் போகிறேன், உரக்கடைக்குப் போகிறேன் என்று மாதம் இரண்டு தடவை டவுனுக்குப் போனார் இந்த மனிதர். காட்டில் ஒன்றுமே போடாதபோது உரம் எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "கண்ணாடி எங்கே மாத்துனீங்க?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "நல்ல கடைங்க" என்றார். பொண்டாட்டிக்கு இவர் 'ங்க' போட்டால் திருட்டுத்தனம் செய்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அவள் எப்படி இருக்கிறாள் என்று நானே கேட்டேன். முகம் மட்டும் வாடியிருக்கிறது என்றார்.

உங்கள் சீரிஸ் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு மாதிரி இன்னொருத்திக்கும் புத்தி போயிருக்கிறது என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் மகள் தானாக நடந்து போனாள். அந்தக் கோளாவது பேச்சில்லாதது. இவளுக்கு வாய் இருக்கிறது, போன் இருக்கிறது. இத்தனை மாதத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அம்மா" என்று கூப்பிட்டாளா? நானும் போனை இடுப்பிலிருந்து இறக்காமல்தான் திரிகிறேன். மோட்டார் போடப் போனாலும் அது கூடவே வருகிறது. தெரியாத எண்ணையே எடுக்காதவள் உங்கள் முதல் கடிதத்துக்குப் பிறகு அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுக்கிறேன், எடுத்தால் கடன் கம்பெனி. தினம் தவறாமல் ஒரு பெண், "மேடம், லோன் வேணுங்களா?" என்கிறாள். யார் பெற்ற மகளோ, அவளுக்கு என் ஞாபகம் இருக்கிறது. நான் பெற்றவளுக்கு இல்லை.

வேண்டாம் என்று இருக்கிறவளிடம் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு நான் எந்த முகத்தோடு வருவது? அவள் என்னை நிமிர்ந்து பார்க்காவிட்டால் அந்தச் சோற்றை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதுதான் என் பயம். உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை, நீங்களும் பெற்றவர்தான்.

வரலட்சுமி


கோட்டைமேடு
8-9-2025

வரலட்சுமி அம்மாவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் கடிதம் கண்டதும் லாஸ்யாவிடம் கேட்டேன், அம்மாவை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையா என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"வாராவாரம் ஞாயித்துக்கெழமை கூப்பிடறேனுங்க அத்தை. ஒரு மணி அடிச்சுக் கட்டாயிருது. அம்மா என்னை ப்ளாக் பண்ணி வெச்சிருக்கறாங்க. அப்பாகிட்டச் சொன்னா அவங்களுக்குள்ள சண்டை வந்துரும்னு சொல்லலீங்க. வேண்டாம்னு கதவைச் சாத்துனவங்களை நான் எப்படிங்க கூப்பிடறது?"

பிறகு ஏன் வாராவாரம் கூப்பிடுகிறாய் என்றேன். "ஒருநாளைக்கு எடுத்துடுவாங்கன்னுதான்" என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நானும் அவளோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். உங்கள் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். ஒரு மணி. அவ்வளவுதான். போனைக் கீழே வைத்துவிட்டுக் காய்ந்த துணிகளை மடித்தாள். இத்தனை ஞாயிறும் நான் கீழே சமையலறையில் இருந்திருக்கிறேன், ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கு எனக்குப் புரியாது. ஆனால் பகலில் கண் அசரும்போது அவள் முணுமுணுப்பது அந்த மொழிதான், அதில் 'அம்மா' மட்டும் எனக்குப் புரிகிறது.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்கிறார். மருந்தைவிட மனசு லேசாக இருப்பது முக்கியமாம். மருந்து நான் கொடுத்துவிடுவேன். மற்றது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் போனில் எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று இல்யாஸ் படம் போட்டுக் கொடுத்திருக்கிறான், உள்ளே வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடமே கொடுங்கள், கண்ணாடிக்கு நான் உத்தரவாதம்.

நடுவில் சூரியன்தான் நின்றிருக்கிறது, அம்மா. நீங்கள் இரண்டு பேரும் இருக்கிற இடத்திலேயேதான் இருந்திருக்கிறீர்கள்.

சாஜிதா


தொண்டாமுத்தூர்
12-9-2025

அன்புள்ள சாஜிதா அம்மாவுக்கு,

என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். கேளுங்கள்.

கடன் வேண்டுமா, கார் வேண்டுமா என்று வருகிற அழைப்புகளை அடைத்து வைக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே லாஸ்யாதான். அவள் போன அன்றைக்குக் கோபத்தில் அவள் எண்ணையே அந்தப் பட்டியலில் போட்டேன். விடிந்ததும் மனசு கேட்கவில்லை. எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்யாஸ் தம்பி போட்ட படத்தைப் பார்த்து இவர் பட்டியலைத் திறந்தார். லாஸ்யாவின் எண் உள்ளேயே இருக்கிறது. அழுத கண்ணோடு நான் அன்றைக்கு வெளியே எடுத்துவிட்டது பக்கத்து வரியில் இருந்த கடன் கம்பெனியை! மகளை உள்ளே பூட்டிவிட்டு அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், இவர் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. பேசியது தெலுங்கில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"சாப்பிட்டேனுங்கம்மா."

"என்ன சாப்பிட்டே?"

"நெய்ச்சோறும் தாளிச்சாவும்."

"மாதுளம்பழம் எதாச்சும் தின்னியா?"

அதற்குச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! அப்புறம் இரண்டு பேரும் மூக்கைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தோம். உங்கள் பக்கம் மூன்றாவதாக ஒரு மூக்குச் சத்தம் கேட்டது. நீங்கள்தானே?

அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு கொண்டுவருகிறோம். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர், இன்னும் அவளுக்குப் பிடித்த கொத்தமல்லிச் சோறு. வளையல் வாங்கியாகிவிட்டது. நீங்கள் ஒன்றும் சமைக்கக் கூடாது, அதுதான் முறை. தட்டு மட்டும் போட்டால் போதும்.

என்னிடம் சொல்லாமல் போனதை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அதைப் பிரசவம் முடிந்து நிதானமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வரலட்சுமி


கோட்டைமேடு
23-10-2025

அன்புள்ள வரலட்சுமி அக்காவுக்கு,

அம்மா, அவர்கள் எல்லாம் இனி வேண்டாம். நேரில் பார்த்த பிறகு அக்காதான் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். வாசல்படி ஏறியதும் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடி இப்படி எளைச்சுப்போட்டே" என்றீர்களே, என் மருமகள் வந்ததிலிருந்து எட்டு கிலோ ஏறியிருக்கிறாள். அவள் உங்கள் கையிலிருந்து முதல் உருண்டையை வாங்கி வாயில் போட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று நேற்று போனில் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது என் முறை. வீட்டில் சத்தமே இல்லை. பின்னறை ஸ்டூலில் யாரும் இல்லை. இல்யாஸ் தேய்த்த கண்ணாடியைக் குறை சொல்ல ஆள் இல்லாமல் அவனே தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறான். ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூருக்கு ஓடி வருகிறான், ராத்திரி தங்கச் சொல்லாதீர்கள், கடையை யார் திறப்பது? எனக்குக் காட்டை வைத்துக்கொண்டு தரிசு போட வசதியில்லை. இருந்தால் நானும் போட்டிருப்பேன். இட்லிக்கு ஊறப் போடும்போது அவளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு மாவை என்ன செய்வது என்று முழிக்கிறேன். நீங்கள் இத்தனை மாதம் எப்படித்தான் இருந்தீர்களோ அக்கா.

அன்புத் தங்கை,
சாஜிதா


தொண்டாமுத்தூர்
19-1-2026

என் சம்பந்தியம்மா சாஜிதாவுக்கு,

நேற்றுதான் பார்த்துவிட்டுப் போனீர்கள், அதற்குள் என்ன கடிதம் என்பீர்கள். போனில் எனக்கு இப்படிப் பேச வராது. உங்களுக்கு எழுதிப் பழகிவிட்டது.

பேத்தி சுகம். நீங்கள் போனதிலிருந்து இரண்டு முறை பால் கக்கினாள், பயப்பட ஒன்றுமில்லை. பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அழுகைச் சத்தம் கேட்டதும் நீங்கள் விட்ட மூச்சும் நான் விட்ட மூச்சும் ஒன்றாகத்தான் வந்தன. உள்ளே வலியில் அவள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறாள், நர்சு சொன்னாள். உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

பெயருக்கு இன்னும் சண்டை ஓயவில்லை. சீரிஸ் என்றே வைக்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. இந்த ஒரு விஷயத்தில் நீங்களும் நானும் ஒரே கட்சியில் நிற்க வேண்டும்.

அந்தச் சீரிஸை நானும் பார்த்துவிட்டேன், உங்களிடம் சொன்னேனா? ஐப்பசியில் மழை விட்ட ஒருநாள் களத்தில் லாஸ்யா தொலைநோக்கியை வைத்துக் காட்டினாள். இங்கே தெருவிளக்கு இல்லாததால் நன்றாகத் தெரியுமாம். ஒரு புள்ளி. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பேச்சு என்றேன். அதன் மேல் இருக்கும் குழிகளுக்கெல்லாம் ஊர் ஊர் வெள்ளாமைச் சாமி பெயரும் அறுப்புத் திருவிழாப் பெயரும் வைத்திருக்கிறார்களாம், அதில் ஒரு குழிவரிசைக்குப் 'பொங்கல்' என்று பெயராம். "போன தைக்கே உங்களுக்குச் சொல்லோணும்னு இருந்தேனுங்கம்மா" என்றாள். வானத்தில்கூடப் பொங்கல் இருந்த வருடத்தில் நான் அடுப்பை மூட்டாமல் இருந்திருக்கிறேன். அதற்குள் பக்கத்துக் காட்டில் ஆனை வந்துவிட்டதென்று வெடிச்சத்தம் கேட்டது, எல்லாரும் வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டோம்.

மறுவாரமே ஆள் விட்டு வெங்காயம் நட்டேன். பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது பார்த்தீர்களே, அதுதான். இன்றைக்குப் பிடுங்க ஆரம்பித்திருக்கிறோம். முதல் மூட்டை உங்கள் வீட்டுக்கு இவர் கையில் வருகிறது. உரக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார், பழக்கம் விடவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். சித்திரையில் அவளையும் குழந்தையையும் நானே கொண்டுவந்து உங்கள் வீட்டில் விடுகிறேன். பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்ற அந்தப் பஞ்சாயத்தெல்லாம் நமக்கு வேண்டாம், நினைத்த நாளில் பஸ் இருக்கிறது. போன தடவை அவள் போனது எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நான் பெட்டி கட்டி, பொட்டு வைத்து, வாசலில் நின்று அனுப்பப் போகிறேன். எனக்கு அது போதும். அவளை விட்டுவிட்டு வந்து காட்டைச் சும்மா போடமாட்டேன், ஆடிப்பட்டத்துக்கு வெங்காயம் உண்டு.

கடன் கம்பெனிப் பெண் இன்றைக்கும் கூப்பிட்டாள். வேண்டாம் கண்ணு, எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொன்னேன். "அப்படீங்களா மேடம்! அக்கா நல்லாருக்கறாங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம், அவளுக்குப் பவானிப் பக்கமாம். அந்த எண்ணை இப்போதாவது சரியாக அடைத்துத் தரட்டுமா என்று லாஸ்யா கை நீட்டினாள். போனைக் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டேன். கூப்பிடுகிறவர்கள் கூப்பிடட்டும்.

உங்கள் சம்பந்தி,
வரலட்சுமி